நாகைக் கரைக்கு நான் கொண்டுபோன முக்கோணம்

2005 ஜனவரி முதல் வாரம். திருச்சியில் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பிலிருந்து 11 பேர் சுனாமி நிவாரணப் பணிக்காக நாகப்பட்டினம் கிளம்பினோம். என் பையில் மூன்று சுடிதார், ஒரு டார்ச், ஒரு குறிப்பு நோட்டு. நோட்டின் நடுப்பக்கத்தில் தேர்வுக்காக ஸ்கேல் வைத்து வரைந்த முக்கோணம். அடியில் சோறு, தண்ணீர், தூக்கம். அதன்மேல் பாதுகாப்பு. அதன்மேல் அன்பும் ஒட்டுறவும். அதற்கும் மேலே மதிப்பு. உச்சியில், ஒருவர் தன்னால் என்னவாக முடியுமோ அதுவாக ஆவது. அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ சொன்ன மனிதத் தேவைகளின் படிநிலை. கீழ்ப்படி நிறைந்தால்தான் அடுத்த படி கண்ணுக்குத் தெரியும் என்று எழுதி 15-க்கு 13 மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

அந்தப் படம் அன்று எனக்குப் பெரிய தைரியம். சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000-க்கு மேற்பட்டோர் நாகை மாவட்டத்துக்காரர்கள். அப்படி ஓர் இடத்துக்குள் நுழையும் 22 வயதுப் பெண்ணுக்கு, எதிலிருந்து தொடங்குவது என்று ஒரு காகிதம் சொல்லிவிட்டாலே கை நடுக்கம் கொஞ்சம் குறையும். முதலில் சோறு. அப்புறம் கூரை. மனசு, மரியாதை எல்லாம் பொறுத்துக்கொள்ளும். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று நம் வீட்டிலும் சொல்லித்தானே வளர்த்தார்கள்.

திருவாரூரைத் தாண்டி நாகையை நெருங்கும்போது சாலையோரத்தில் முதல் குவியலைப் பார்த்தேன். துணிகள். எங்கெங்கிருந்தோ வண்டி வண்டியாக வந்து இறங்கிய பழைய துணிகள். சேலை, பேண்ட், குளிருக்குப் போடுகிற ஸ்வெட்டர், குழந்தைச் சட்டை எல்லாம் ஈரத்தில் ஊறி, மண் ஒட்டி, மாடு மிதித்துக் கிடந்தன. கொஞ்ச தூரத்தில் இன்னொரு குவியல். உடுத்திய துணியோடு தப்பி வந்தவர்கள், பத்து நாளாக அதே சேலையில் இருப்பவர்கள், அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோனார்கள்.

எனக்குப் புரியவில்லை. உள்ளூரக் கொஞ்சம் கோபமும் வந்தது. முகாமாக இருந்த கல்யாண மண்டபத்தில் 35 வயது மதிக்கத்தக்க ஓர் அக்காவிடம் அதைக் கேட்டேவிட்டேன். மாமியாரையும் சின்ன மகனையும் பறிகொடுத்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாங்க கை நீட்டி வாழ்ந்த ஜனம் இல்ல பாப்பா. கடலுக்குப் போயி சம்பாரிச்சு, தீவாளிக்கு நாலு பேருக்குத் துணி எடுத்துக் குடுத்த ஜனம். யாரு உடுத்துன துணியோ, அத என்னாத்துக்கு நான் உடுத்தணும்?"

பிறகு என் கையைப் பிடித்துச் சுவர் ஓரமாக அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஒரு உள்பாவாடை வாங்கித் தர முடியுமா? புதுசா?"

புதுச் சேலை வந்துதான் இருந்தது. அதைக் கட்ட உள்பாவாடை வரவில்லை. ரவிக்கை வரவில்லை. மாதவிலக்குக்குத் துணி வரவில்லை. அரிசி, பருப்பு, பிஸ்கட் எல்லாம் மூட்டை மூட்டையாக இருந்தன. பட்டியல் போட்டவர்கள் வயிற்றிலிருந்து தொடங்கியிருந்தார்கள், என் நோட்டில் இருந்த அதே வரிசையில். அந்த மண்டபத்திலிருந்த பெண்கள் சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் துக்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். பாதிப் பேருக்கு எழுந்து நிற்கவே கூச்சம்.

அன்று மாலையே நாகை கடைத்தெருவுக்குப் போய், எங்கள் கையிலிருந்த பணத்தைத் திரட்டி, 40 உள்பாவாடை வாங்கினோம். இரவு விளக்கு வைத்த பிறகு பெண்கள் பக்கம் ஆண்களை வரவிடாமல் கொடுத்தோம். மறுநாள் "இன்னும் என்னென்ன வேணும்?" என்று கேட்டு எழுதத் தொடங்கினேன். என்னை உலுக்கிய பட்டியல் அது. சீப்பு. முகம் பார்க்கும் கண்ணாடி. பொட்டு. தேங்காய் எண்ணெய். மூடிபோட்ட வாளி. டார்ச். கண்ணாடி கேட்டவர் இரண்டு பிள்ளைகளை அடக்கம் செய்துவிட்டு வந்தவர். அவர் கேட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். நம் முகம் இன்னும் நம் முகமாகத்தான் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றாதா?

டார்ச் ஏன் என்று விசாரித்தபோது இன்னொன்று தெரிந்தது. கழிப்பிடம் தூரத்தில், வெளிச்சமில்லாத இடத்தில் இருந்தது. பெண்கள் பலர் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. ராத்திரி எழுந்து போக வேண்டாமே என்றுதான். தாகம் முக்கோணத்தின் அடிப்படி. பயமும் மானமும் அதற்கு மேலே உள்ளவை. இங்கே மேற்படியைக் காப்பாற்ற அடிப்படியைத் தியாகம் செய்துகொண்டிருந்தார்கள். லாரி லாரியாகத் தண்ணீர் வந்தும் அவர்கள் தாகத்தோடு படுத்தார்கள். நிவாரணப் பணிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இப்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்: பகலில் முகாமைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு, ஒரு பெண் துணையோடு, ஒரு பெண் கழிப்பிடம் போகிற வழியில் நடந்து பாருங்கள். எங்கே விளக்கு வேண்டும், எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதெல்லாம் அந்த இருநூறு அடியில் தெரிந்துவிடும்.

சில வாரங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்காரர்கள் வந்து கிராம அளவில் வேலை செய்பவர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுத்தார்கள். அடிப்படையில் அவர்கள் சொன்னது எளிமையானது: பேச இடம் கொடு, கவனித்துக் கேள், சுற்றியிருக்கிற உறவுகளோடு அவர்களை மறுபடி சேர்த்து வை, கைக்கு வேலை கொடு, அவரவர் நம்பிக்கைப்படி வழிபாடும் சடங்கும் செய்யவிடு. பெரிய பெரிய குழிகளில் பல பேரைச் சேர்த்துப் புதைத்த நேரம் அது. தன் பிள்ளை எந்தக் குழியில் என்றே தெரியாத தாய்மார்கள் இருந்தார்கள். கருமாதி செய்ய ஒரு படம்கூட மிஞ்சாத வீடுகள் இருந்தன. பள்ளிக்கூடக் குழுப்படம், உறவினர் வீட்டுக் கல்யாண ஆல்பம் என்று தேடி ஒரு முகத்தை வெட்டியெடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தோம். சோற்றுப் பொட்டலத்தை வாங்கும்போது நிமிராத கண்கள் அந்தப் படத்தை வாங்கும்போது நிமிர்ந்தன.

ஆனால் கேட்பது எப்படி என்பதை ஒரு பெரியவரிடம் தோற்றுத்தான் கற்றேன்.

55 வயது இருக்கும். மனைவியையும் கல்யாணத்துக்கு இருந்த மகளையும் இழந்தவர். கருவேல முள்ளும் சேறும் அப்பிய வலையின் பக்கத்தில் நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் எதிரில் உட்கார்ந்து, பாடத்தில் படித்தபடி முகத்தை வைத்துக்கொண்டு, "உங்களுக்கு எவ்ளோ வேதனையா இருக்கும்னு எனக்குப் புரியுதுங்கய்யா" என்றேன்.

"உனக்கு எப்படிம்மா புரியும்?" என்றார். அதில் கோபமே இல்லை. நிஜமாகவே கேட்டார்.

பதில் இல்லாமல் எழுந்து வந்தேன். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் பார்த்தபோது அவர் வலையிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியிருந்தார். போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிப் பிடித்தால் கண்ணி அறுந்துபோகாது என்று மட்டும் காட்டினார். அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் இல்லை. நாலாவது நாள், தலை நிமிராமல் சொன்னார்: "அன்னிக்கு நான் கடல்ல இருந்தேன். போட்ட லேசாத் தூக்கி எறக்குன மாரி இருந்திச்சு, அவ்ளோதான். கரைக்கு வந்தா கரையே இல்ல. கடல்ல இருந்தவன் பொழைச்சேன். ஊட்ல இருந்ததுங்க போயிடிச்சு."

"உங்க தப்பு இல்லைங்கய்யா" என்று நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அதைச் சொல்லியிருந்தால் அவர் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். அது அவரைத் தேற்றுவதற்கான வார்த்தை இல்லை. அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாத என்னை நானே தேற்றிக்கொள்ள வந்த வார்த்தை. அவர் இன்னும் அரை மணி நேரம் பேசினார். மகளுக்கு எடுத்து வைத்த பட்டுப்புடவையின் நிறத்தைச் சொன்னார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "அந்தப் பக்கம் இழும்மா" என்றார்.

கார்ல் ரோஜர்ஸைத் தேர்வுக்காக இல்லாமல் எனக்காகப் படித்தது இதற்குப் பிறகுதான். மாஸ்லோவோடு சேர்த்து மனிதநேய உளவியலின் இன்னொரு தூண் என்று சொல்லப்படுபவர். பிராய்டின் வழி, நடத்தையியல் வழி என்ற இரண்டு பெரிய ஓடைகளுக்கு நடுவே, மனிதரை நோயாளியாகவும் பார்க்காமல், பழக்கிவிடக்கூடிய பிராணியாகவும் பார்க்காமல், வளரத் துடிக்கும் உயிராகப் பார்த்தவர்கள் இவர்கள். அதனால்தான் மூன்றாவது விசை என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். ரோஜர்ஸ் 1928-லிருந்து 12 வருடம் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் குழந்தைகள் வழிகாட்டு மையத்தில் வேலை பார்த்தார். அங்கே நடந்ததாக அவரே எழுதிய ஒரு சம்பவம் உண்டு. அடங்காத ஒரு பையன். அவன் சின்ன வயதில் அம்மா அவனை ஒதுக்கியதுதான் காரணம் என்று ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதை அந்த அம்மாவுக்குப் புரியவைக்கப் பல வாரம் முயன்று பார்க்கிறார். ஒன்றும் நகரவில்லை. நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவாகிறது. கைகுலுக்கிவிட்டு வாசல் வரை போன அம்மா திரும்பி, "இங்கே பெரியவங்களுக்கும் ஆலோசனை தருவீங்களா?" என்கிறார். சரி என்றதும் வந்து உட்கார்ந்து, தன் கல்யாண வாழ்க்கையின் வேதனையைக் கொட்டுகிறார். எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்பதை அன்று கற்றுக்கொண்டதாக ரோஜர்ஸ் சொல்கிறார். படித்தபோது எனக்கு வலையின் மறுமுனை ஞாபகம் வந்தது.

1957-இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் மாறுவதற்கு எதிரில் இருப்பவரிடம் வேண்டிய குணங்களாக அவர் சொன்னவற்றில் மூன்றைத்தான் எல்லோரும் எடுத்துப் பேசுவார்கள்: உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பது, நிபந்தனை போடாமல் மதிப்பது, அவர் நிலையில் நின்று உணர்வது. முதலாவதை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். "எனக்குப் புரியுது" என்று பெரியவரிடம் சொன்னபோது எனக்குப் புரியவில்லை, பயந்துகொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்று அதே இடத்தில் இருந்தால் "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலைங்கய்யா. கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கவா?" என்பேன். அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பல வீடுகளில். உட்காராதே என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

உள்பாவாடை கேட்ட அந்த அக்காவிடம் நான் செய்த தவறு இன்னும் மோசமானது. மண்டபத்திலிருந்து தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்புக்கு அவர்கள் மாறியிருந்தார்கள். பகலில் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். அவர் கணவர் வேறு ஒருவர் போட்டில் முதல்முறையாகத் தொழிலுக்குப் போய்விட்டு வந்தார். பிணம் தின்ற மீன் என்று வதந்தி பரவி, ஊர்ப்பக்கத்தில் கடல் மீனை ஆட்கள் வாங்கத் தயங்கிய நேரம். கொண்டுவந்த மீனில் நல்லதாக எடுத்துக் குழம்பு வைத்து, ஒரு கிண்ணத்தில் எனக்குக் கொண்டுவந்து நீட்டினார். "ஐயோ, எனக்கு எதுக்குக்கா? பிள்ளைக்குக் குடுங்க" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அவர் முகம் அணைந்துபோனது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

பக்கத்துக் கொட்டகைப் பாட்டிதான் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். "நீ குடுத்தத அவ வாங்கிக்கிட்டால்ல? அவ குடுத்தா நீ வாங்க மாட்டியா? எங்க கடலு மீனு உனக்கும் ஆகாமப் போச்சா?"

மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, "பசிக்குதுக்கா, குழம்பு இருக்கா?" என்று கேட்டேன். "நேத்துக் குழம்புதான்" என்றார். பழைய மீன் குழம்பின் ருசி தெரியாதவளா நான்? இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மூன்று மாதமாக வாங்கிக்கொண்டே இருந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு வாய்ப்பு வேண்டியிருந்தது. இது எந்தப் படி? என் முக்கோணத்தில் தேடிப் பார்த்தேன், இடம் கிடைக்கவில்லை. மாஸ்லோ 1938-ஆம் ஆண்டு கோடையில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பிளாக்ஃபுட் பழங்குடியினரோடு சில வாரங்கள் தங்கியிருந்தார் என்பதைப் பின்னால் படித்தேன். சேர்த்து வைத்தவரைப் பணக்காரர் என்று சொல்லாமல், அதிகமாகக் கொடுத்தவரை அப்படி மதித்த மக்கள் அவர்கள். அது அவரை ஆழமாகத் தொட்டது. கடைசிக் காலத்தில், 1960-களின் முடிவில், தன்னை முழுமையாக்கிக்கொள்வதற்கும் அப்பால், தன்னைத் தாண்டி இன்னொருவருக்காகவோ இன்னொன்றுக்காகவோ வாழ்வதைப் பற்றி அவர் பேசத் தொடங்கியிருந்தார். 1970 ஜூனில், 62 வயதில், மாரடைப்பால் இறந்துபோனார். அந்தக் கடைசிப் பேச்சு எங்கள் பாடத்தில் இல்லை.

பாடத்தில் இல்லாதவை வேறு பலவும் இருந்தன. வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் கழித்து, 1943-இல் மாஸ்லோ எழுதிய மூலக் கட்டுரையை ஒரு நூலகத்தில் எடுத்து உட்கார்ந்து படித்தேன். தேடித் தேடிப் பார்த்தேன், அதில் முக்கோணமே இல்லை. அவர் அதை வரையவில்லை. மேலாண்மை ஆலோசகர் சார்லஸ் மெக்டெர்மிட் 1960-இல் எழுதிய ஒரு கட்டுரையில்தான் அந்த வடிவம் வருகிறது. தொழிலாளர்களிடம் வேலை வாங்குவது எப்படி என்று யோசித்தவர்கள் வழியாக அது பாடப்புத்தகங்களுக்குள் நுழைந்து, கடைசியில் என் நோட்டுக்கு வந்திருக்கிறது.

மூலத்தில் மாஸ்லோ எவ்வளவு கவனமாகப் பேசுகிறார் என்பது எனக்கு அழுகை வரவழைத்தது. ஒரு தேவை நூற்றுக்கு நூறு நிறைந்த பிறகுதான் அடுத்தது எழும் என்று நினைத்துவிடாதீர்கள் என்கிறார். உதாரணத்துக்கு ஒரு சராசரி மனிதரைக் கற்பனை செய்து, உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, தன்மதிப்பு 40, தன்னை முழுமையாக்கிக்கொள்வது 10 என்ற அளவில் நிறைந்திருக்கலாம் என்று எண்களை வைக்கிறார். அளந்து எடுத்த எண்கள் என்று அவர் சொல்லவில்லை, விளக்குவதற்காக வைத்தவை. எல்லாத் தேவையும் எல்லா நேரமும் கொஞ்சம் நிறைந்தும் கொஞ்சம் காய்ந்தும் இருக்கின்றன. வரிசை மாறுகிறவர்களையும் பட்டியலிடுகிறார்: அன்பைவிட மதிப்பு பெரிதாகத் தோன்றுபவர்கள், எது இல்லாவிட்டாலும் படைத்துக்கொண்டே இருப்பவர்கள், கொள்கைக்காக எல்லாவற்றையும் விடுபவர்கள். சாப்பிடுவதைக்கூட வயிற்றுக்காக மட்டும் யாரும் செய்வதில்லை, ஆறுதலுக்காகவும் சாப்பிடுகிறோம் என்று ஓரிடத்தில் எழுதுகிறார். நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்கிற "சாப்பிட்டியா?" என்ற கேள்வியில் வயிறு எவ்வளவு, அன்பு எவ்வளவு என்று பிரிக்க முடியுமா?

நான் படித்துவிட்டுப் போனது மாஸ்லோவை அல்ல, அவரைச் சுருக்கி வரைந்த படத்தை. மூலத்தைப் படித்திருந்தால் பழைய துணிக் குவியலைப் பார்த்துக் கோபப்பட்டிருக்க மாட்டேன்.

அதே நேரம், வயிறும் கூரையும் பெரிதில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்தார் கொடுத்த பட்டியல்படி ஒரு கிராமத்தில் எல்லாம் கொடுத்து முடித்த திருப்தியில் இருந்தோம். எங்களோடு வந்த மூத்த பணியாளர் ஒருவர், "இந்த லைன்ல யாரு நிக்கலைன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். அவரோடு உள்ளே தள்ளியிருந்த காலனிக்கு நடந்தோம். அங்கே யாரும் சாகவில்லை, யாருக்கும் போட் இல்லை. அதனால் எந்தக் கணக்கிலும் வரவில்லை. மீன் சுமந்தும் கருவாடு விற்றும் உப்பேறிப்போன வயலில் கூலி வேலை செய்தும் பிழைத்தவர்கள். கடல் நின்றதும் அவர்கள் அடுப்பும் நின்றிருந்தது. கரையோரக் கிராமத்துக்குள்ளேயே, வீட்டில் ஆண் இல்லாததால் பட்டியலில் பெயரில்லாத விதவைகளும் இருந்தார்கள். இவர்களுக்கு அன்று வேண்டியது அரிசிதான், உடனே. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் செய்ய வேண்டிய வேலை, அதில் இல்லாதவர்களைத் தேடி ஊரின் கடைசி வீடு வரை நடப்பது.

பாதுகாப்பு என்ற படியை நான் புரிந்துகொண்டது மார்ச் 28 இரவு. களப்பணிக்காக மறுபடி போயிருந்தேன். சுமத்ரா பக்கம் மீண்டும் பெரிய நிலநடுக்கம் என்ற செய்தி வந்தது. அடுத்த நிமிடம் குடியிருப்பு முழுவதும் சாலைக்கு ஓடியது. குழந்தையை மறந்து தலையணையை அணைத்துக்கொண்டு ஓடிய ஒரு தாயைப் பார்த்தேன். அலை வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரும் தூங்கவில்லை. "பயப்படாதீங்க" என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பே இல்லை. பலன் கொடுத்தது வேறு. குடியிருப்பின் ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு இளைஞர்கள், எந்தப் பாட்டியை யார் தூக்குவது, எந்த வழியாக ஓடுவது, எங்கே கூடுவது என்று அவர்களே உட்கார்ந்து பேசிச் சுவரில் எழுதி ஒட்டினார்கள். ஒருமுறை நடந்தும் பார்த்தார்கள். பிள்ளைகள் "அலை வருது" என்று கத்தி ஓடி விளையாடியதைப் பெரியவர்கள் அதட்டினார்கள். விளையாடவிடுங்கள், அதுதான் அவர்களுக்குத் தெரிந்த பேச்சு என்று பயிற்சியில் கேட்டதை நாங்கள் எடுத்துச் சொன்னோம். கொஞ்ச நாளில் அந்த விளையாட்டில் ஒரு மாற்றம் வந்தது. ஒருவன் பாட்டியாக நடித்தான், இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மே மாதம் வீட்டுக்கு வந்தேன். என்னால் கைக்குழந்தை அழும் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. கண்ணை மூடினால் பெரியவர் சொன்ன பட்டுப்புடவையின் நிறம். ஒருவருடைய துக்கத்தை இவ்வளவு தூரம் சுமப்பதுதான் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறுமாதம் வேறு வேலை எதுவும் ஓடவில்லை. என் பேராசிரியைதான் ரோஜர்ஸின் கட்டுரையில் ஒரு சொல்லைக் காட்டினார். அடுத்தவரின் உள்ளத்தை நம்முடையது போல உணர வேண்டும், ஆனால் அந்த 'போல' என்பதை ஒருபோதும் தொலைத்துவிடக் கூடாது என்கிறார் ரோஜர்ஸ். நான் 'போல'வைத் தொலைத்திருந்தேன். அவர் மகள் என் மகள் இல்லை. அவர் துக்கம் அவருக்குச் சொந்தம், அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது, எடுத்துக்கொள்ளவும் கூடாது. அப்போதிலிருந்து எங்கேயும் தனியாகப் போவதில்லை, ஜோடியாகத்தான் போகிறேன். இரவு சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் அன்று கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லி இறக்கிவைக்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே முகாமில் யாரையும் வைத்துக்கொள்வதில்லை. இதைச் சலுகை என்று நினைக்கிற இளம் பிள்ளைகளோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நாங்கள் போனது பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு. கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை மரங்கள் ஒரே திசையில் தலை சாய்த்துக் கிடந்தன. பெத்த பிள்ளை கைவிட்டாலும் வச்ச பிள்ளை கைவிடாது என்று நம்பி வைத்த தென்னம்பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் முகாம், வராந்தாவில் சமையல், மத்தியானம் வரிசை. வரிசைக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். காலையிலும் சாப்பிடவில்லை என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார்: "அறுப்புக்காலத்துல எங்கூட்டு அண்டாவுலதான் ஊரே சாப்ட்டுச்சு. இப்ப நான் தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா?"

தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கலாம். 2005-இல் இருந்த நான் அதைத்தான் செய்திருப்பேன். அன்று சமைத்தது கல்லூரிப் பையன்கள். சாம்பார் உண்மையிலேயே நன்றாக இல்லை. "அப்பாயி, பையனுங்களுக்குப் பக்குவம் தெரியல. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" என்றேன்.

எழுந்தார். இடுப்பில் முந்தானையைச் செருகினார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "புளி பத்தல, பருப்பு வேகவே இல்ல" என்று பையன்களை விரட்டினார். மிளகாயைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தார். கரண்டி அவர் கைக்குப் போய்விட்டது. வரிசையில் வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வை, இவளுக்குக் காரம் ஆகாது என்று பரிமாறிக்கொண்டே போனார். தட்டு நீட்டியவர்களின் தோள்கள் தளர்வதை நான் பார்த்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீ சாப்ட்டியாம்மா?"

"இல்ல அப்பாயி."

"உக்காரு."

எனக்குப் போட்டுவிட்டு, தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் எழுந்து வராந்தாவுக்கு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.